பூட்டு பேசவில்லை

ஜூலை 3, புதன்

பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் காலைப் பயிற்சி. நாற்பது நிமிடம் பந்தே இல்லை. முழங்கால் மடக்கி, கை விரித்து, பக்கவாட்டில் நகர்தல் மட்டும். “பந்தைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்கக்கா, உருண்டையா சதுரமான்னே மறந்துபோச்சு” என்றாள் கேப்டன். கூடையில் போடுவதைத் தலைமைப் பயிற்சியாளர் சார் சொல்லித்தருகிறார். தடுப்பாட்டம் என் பொறுப்பு. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். பந்து கையில் இல்லாமல் நிற்பவளைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

பிறகு ‘சார்ஜ்’. பந்தோடு ஓடி வருபவளின் வழியில் முன்னதாகவே காலூன்றி நின்று, மோதலை நெஞ்சில் வாங்கிப் பின்னால் விழ வேண்டும். தப்பு மோதியவள்மேல், பந்து நமக்கு. முகவாயை நெஞ்சோடு ஒட்டு, முதலில் உட்கார், அப்புறம் சாய் – மாதக்கணக்காகக் கத்துகிறேன். பூட்டு ஆறு முறை விழுந்தாள். அவள் காவலில் மாட்டியவள் நகர முடியாது, அதனால் அந்தப் பெயர். ஆறாவது முறை தலை தரையில் பட்டது. “தரைக்குத்தான்க்கா வலிச்சிருக்கும்” என்று எழுந்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஜூலை 5, வெள்ளி

என் சட்டம் ஒன்றே ஒன்று: தடுக்கும்போது வாயை மூடக் கூடாது. முதுகுக்குப் பின்னால் வருபவளைப் பற்றி நமக்கு வேறு யார் சொல்வது? ‘இடது’, ‘வலது’, ‘நான் இருக்கேன்’ – கத்திக்கொண்டே இருக்க வேண்டும். பேசாதவளுக்கு மைதானத்தைச் சுற்றி ஐந்து ஓட்டம். இன்று பூட்டு பேசவில்லை. “வாயை வாடகைக்கு விட்டுட்டியா?” என்று கேட்டு ஓடவிட்டேன். மூன்றாவது சுற்றில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஜூலை 8, திங்கள்

மறுபடி மௌனம், மறுபடி ஐந்து சுற்று. ஒரே ஒரு தடவை கத்தினாள் – ‘இடது’ என்று. ஆள் வந்தது வலப்பக்கம்.

ஜூலை 9, செவ்வாய்

உடை மாற்றும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வெளிச்சம் குத்துதுக்கா.”

“எப்போலேர்ந்து?”

“போன புதன்லேர்ந்து. சார்கிட்ட சொல்லிடாதீங்க. சனிக்கிழமை ஃபைனலுக்குத் தேர்வுக்குழு வர்றாங்க. காலேஜ்ல சேர எனக்கு இது ஒண்ணுதான்க்கா வழி.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

அவளுக்கு வார்த்தை வாய்வரை வரவில்லை. அதற்கு நான் கொடுத்த மருந்து பத்துச் சுற்று.

ஜூலை 11, வியாழன்

வாக்கை மீறிச் சாரிடம் போனேன். போயும், “ஒருத்திக்குத் தலைவலி” என்று மட்டும் சொன்னேன். “ஃபைனல் வந்தா எனக்கும்தான் தலைவலி. நீ ராத்திரியெல்லாம் கதை படிக்கிறதைக் குறைம்மா” என்று சிரித்தார். யார் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

ஜூலை 13, சனி

கடைசி நான்கு நிமிடம். எதிரணியின் உயரக்காரி முழு வேகத்தில் வந்தாள். பூட்டு நின்றாள். அழகாக நின்றாள் – கால், கை, இடுப்பு எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. விழும்போது முகவாய் மட்டும் மேலே போனது. விசில். பந்து நமக்கு. எங்கள் பெண்கள் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்திக் கைதட்டினார்கள்.

அவள் நேராக நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவர்கள் சிரித்தார்கள். “ஏய், கட்சி மாறிட்டியா? இங்க வாடி!” என்று கேப்டனும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். பூட்டு பக்கத்திலிருந்தவளின் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். நான் ஓடினேன். நான் போறதுக்குள்ள –

முடியல. நாளைக்கு.

ஜூலை 14, ஞாயிறு

ஜெயிச்சிட்டோமாம்.

மூளைக்குள் ரத்தக்கசிவு. அறுவைச் சிகிச்சை முடிந்தது, கண் திறக்கவில்லை. வெளியே அவள் அம்மா, தைத்துக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தவர், தோளில் அளவுநாடாவோடு உட்கார்ந்திருந்தார். “வீட்ல எப்பவும் உங்க பேச்சுதாம்மா. அக்கா அப்படிச் சொன்னாங்க, இப்படிச் சொன்னாங்கன்னு.” என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிச்சுக்கட்டும்னு விட்டேன். சொல்லல. இன்னிக்கும் சொல்லல.

ஜூலை 18, வியாழன்

கண் திறந்தாள். அம்மாவைத் தெரிகிறது. வலது கை அசையவில்லை.

பள்ளியில் விசாரணைப் படிவம் வந்தது. ‘அறிகுறி முதலில் எப்போது தெரிந்தது?’ சார் குரலைத் தாழ்த்தி, “மேட்ச் அன்னிக்குன்னு போடும்மா. நீயும் தப்பிப்ப, நானும் தப்பிப்பேன்” என்றார். தலை அடிபட்டது மூன்றாம் தேதி, தெரிந்துகொண்டே நான் மறைத்தது ஒன்பதாம் தேதியிலிருந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாலையில் அவள் அம்மாவிடமும் அதையே சொன்னேன். நான் கொண்டுபோன பழப்பையை அவர் வாங்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 22, திங்கள்

இனி வர வேண்டாம் என்று பள்ளியிலிருந்து எனக்குக் கடிதம். சார் தொடர்கிறார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலை தேடிப் போகும் வழியில் பள்ளி மதிலை ஒட்டி நடந்தேன். உள்ளே காலைப் பயிற்சி. ஓடிவரும் காலணிகள், ஒரு மோதல், ஓர் உடல் தரையில் விழும் சத்தம். உடனே கைதட்டல்.

மதில் என்னைவிட உயரம். கேட்டுக்கு ஓடினேன். “உங்கள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா” என்றார் காவலாளி, என் முகத்தைப் பார்க்காமல். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினேன்: “தூக்காதீங்க! அவ பேசறாளான்னு முதல்ல பாருங்க!”

கைதட்டல் நின்றது. ஒரு நொடிதான்.

பிறகு விசில்.