கோர்வைக்கு உட்கார்ந்த அண்ணி

பிப்ரவரி 24

கணக்கில் முப்பத்தொன்று. மிஸ் திட்டவில்லை. மாலையில் என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்டார். கோர்வைக்கு உட்காருகிறேன் என்றேன். கோர்வைச் சேலையை ஒருவராக நெய்ய முடியாது. எங்கள் தறியில் கூலிக்கு நெய்யும் வசந்த் அண்ணன் சேலையின் உடலை நெய்வார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளி, இரண்டு நிறமும் சேரும் இடத்தில் இழையைக் கோர்க்க வேண்டும். மிஸ் விழுப்புரத்துக்காரர். புரிந்த மாதிரி தலையாட்டினார்.

வீட்டில் அண்ணியும் மார்க்கைப் பார்த்தார். "நாளையிலர்ந்து நான் ஒக்கார்றேன். நீ படி" என்றார். அவருக்கு ஊர் தென்னேரி. நெல் தெரியும், தறி தெரியாது.

பிப்ரவரி 27

சாயங்காலம் ஆறு மணிக்கு என் அண்ணன் கம்பெனி வேன் ஓட்டப் போனதும் அண்ணி தெருக்கதவைச் சாத்திவிட்டுத் தறிக்கு வருகிறார். அண்ணனுக்குத் தெரியக்கூடாது. காதல் கல்யாணம். "உங்க பொண்ண தறியில ஒக்கார வைக்க மாட்டேன்" என்று அண்ணியின் அப்பா ராஜகோபாலிடம் அண்ணன் போலீஸ் ஸ்டேஷனிலேயே சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

நான் அதே அறையில் சுவரோரம் படிக்கிறேன். நடுநடுவே எழுந்து போய் ஒரு விரல் நீளத்துக்குக் கோர்த்துக் காட்டுகிறேன். அண்ணியின் கை தளர்வு. வசந்த் அண்ணன் "பரவால்லமா" என்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

மார்ச் 6

விமல்ராஜ் அண்ணன் டீக்கு வந்தார். போன வருஷம் வரை எங்கள் தறியில் நெய்தது அவர்தான். இரண்டு சேலை பழுதானதும் அண்ணன் அவரை நிறுத்திவிட்டு வசந்த் அண்ணனை வைத்தார். விமல்ராஜ் அண்ணன் கோபப்படவே இல்லை. அன்றிலிருந்து தினமும் டீக்கு வருகிறார்.

தறியில் இருந்த சேலையின் கரையை விரலால் தடவினார். "பாப்பா, இது உன் கை இல்லியே" என்று சிரித்தார். நான் டம்ளர் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 8

சாயங்காலம் கோர்வைக்கு உட்காருவது யார் என்று அண்ணன் கேட்டார். நான்தான் என்றேன்.

"தெனமும்?"

தினமும்.

அடுப்படியில் அண்ணி வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. அண்ணன் அந்தப் பக்கம் பார்த்தார். தெரிந்தால் திட்டுவார். அவ்வளவுதானே?

மார்ச் 11

அவ்வளவுதான் இல்லை. தண்ணீர் பிடிக்கும்போது விமல்ராஜ் அண்ணன் வாசலில் என் அண்ணனிடம் பேசியது கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல ஜெபா. கரைய பாரு, போதும். அது உன் தங்கச்சி கோத்தது இல்ல. அப்போ கதவ சாத்திக்கினு வசந்த் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்கறது யாருன்னு நீயே யோசி. நல்ல பொண்ணுதாம்பா. பாப்பாவயே பொய் சொல்ல வெச்சிருக்குது, அதான் எனக்கு கஷ்டமா இருக்குது."

குடம் வழிந்து என் கால் நனைந்தது.

மார்ச் 12

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 13

போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

வேனுக்குப் போன அண்ணன் பாதியில் திரும்பி வந்து கதவைத் தட்டினார். நான்தான் திறந்தேன். உள்ளே மூன்று பேர் இருந்தோம். அவர் பார்த்தது இரண்டு பேரை.

"நீ கதவு தொறக்கறதுக்கு இருக்கியா?" என்று என்னிடம் கேட்டார்.

தறிமேல் இருந்த பிளேடை எடுத்தார். அண்ணி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். ஐயோ, நான் ஏன் கத்தல?

அண்ணன் தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூலை அறுத்தார். ஆயிரக்கணக்கான இழை, ஒரே இழுப்பில் அறுபடாது. அறுத்துக்கொண்டே இருந்தார். எங்கள் தெருவில் பாவில் எலி கடித்தாலே அழுவார்கள். தன் கையால் அறுத்தவர் யாரும் இல்லை. வசந்த் அண்ணன் இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணி ஒரு பையோடு தென்னேரி பஸ்ஸுக்குக் கிளம்பினார். கூட வரட்டுமா என்றேன். "படி" என்றார்.

மார்ச் 15

சொல்லிவிட்டேன். எனக்காகத்தான் அண்ணி உட்கார்ந்தார், நான் அங்கேதான் இருந்தேன், ஒரு நாள்கூட அறையை விட்டுப் போனதில்லை. எல்லாம்.

"நீதான் ஒக்கார்றேன்னு சொன்ன. அது பொய்யி. இது மட்டும் நெஜமா?" என்றார் அண்ணன்.

அறுபட்ட துணியை எடுத்து வந்து விரித்தேன். ஒரு விரல் நீளம் இறுக்கம்: நான். பிறகு தளர்வு: அண்ணி. மறுபடியும் ஒரு விரல் இறுக்கம். ஒவ்வொரு சாணிலும் நான் இருந்தேன். அண்ணன் கரையைக் கடைசிவரை தடவிப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும்.

மார்ச் 16

விமல்ராஜ் அண்ணன் டீக்கு வந்தார். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. "தறி சும்மாதானே இருக்குது ஜெபா, நான் ஒக்காரட்டா?" என்று வெளியிலிருந்தே கேட்டார். கோபமே இல்லாத குரல்.

ஏப்ரல் 6

அண்ணன் மறுபடியும் தென்னேரி போய் வந்தார். இந்தத் தடவை அண்ணி வாசலுக்கு வந்தாராம். அவர் அப்பா ராஜகோபால் தடுக்கவில்லையாம். வசந்த் அண்ணனைப் பற்றியோ விமல்ராஜ் அண்ணனைப் பற்றியோ அண்ணி பேசவே இல்லை. "அன்னைக்கு அங்க பாவு இல்லாம இருந்திருந்தா எத அறுத்திருப்ப?" என்று மட்டும் கேட்டாராம்.

அண்ணன் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

சோறு போட்டேன். பாதி சாப்பிட்டவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "உனக்கும் என்ன பாத்தா பயமா இருக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்றேன்.