கிழக்குப் பாத்தி

29 அக்டோபர் 1957, செவ்வாய்.

இன்று எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்விட்டேன். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் நான் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வெற்றிலைக்கு ஆகாதாம்.

என் வீட்டுக்காரர் மண்பானையில் மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைச் சுண்ணாம்போடு கரைத்துக் கொடிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார். தகர வாளியில் கரைத்தால் வாளியையே அரித்துவிடும். மிஞ்சியதை எப்போதும் கிழக்குப் பாத்தியில்தான் கொட்டுவார். அங்கே இப்போது ஒரு மண்புழு கிடையாது. இத்தனை மழைக்கும் மண் ஓடு மாதிரி கிடக்கிறது. இன்று பானையை அடுத்த பாத்திக்குத் தூக்கினார்.

"அங்கிட்டு ஊத்தாதீங்க. புழுவெல்லாம் செத்துப்போகும்," என்றேன் வேலியிலிருந்து.

"புழுவுக்கு ஒப்பாரி வைக்கிறியாக்கும். வேரழுகல் வராம இருக்கத்தான் ஊத்துறேன்."

"எலை தழைன்னா மக்கிரும். இது செம்பு. மண்ணவிட்டு எங்கிட்டுப் போகும்?"

அவர் பானையைச் சாய்க்கப் போனார். நான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அந்தப் பாத்தியில் நின்றேன். ஊற்றினால் என் கால்மேல் ஊற்றட்டும்.

"தீட்டோட உள்ள வந்து நிக்கிறியே. கொடி பட்டுப்போகும்."

"கெழக்குப் பாத்தி பட்டுக் கெடக்கே, அங்க நான் எப்பங்க போனேன்?"

பானையை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமியார் உடனே தலைமுழுகச் சொன்னார். முழுகவில்லை. விரலிடுக்கில் அந்த ஈரமண் இன்னும் ஒட்டியிருக்கிறது.

பானை வரப்பில்தான் இருக்கிறது. நாளை எனக்கு மூன்றாம் நாள். நாளையும் உள்ளே போவேன்.