ஏழு பேர் ஏறிய ரயில்

மார்ச் 3
நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். நான் கைநாட்டு. இடுப்பு போன பிறகு என் குளியல், சாப்பாடு எல்லாம் அவள் கைதான். காலை ஆறு நாற்பது ரயிலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். அந்த ரயில் இருப்பதால்தான் அவள் இந்த வீட்டில் இருக்கிறாள்.

மார்ச் 9
கம்பை ஊன்றி ஸ்டேஷன் டீக்கடைக்குப் போனேன். பிளாட்பாரத்தில் நோட்டும் கையுமாக ஒருவர். இடது காதில் பாதி இல்லை. அந்தக் காதை மறப்பேனா? இருபத்திரண்டு வருடத்துக்கு முன் டிக்கெட் இல்லையென்று என்னை மூட்டையோடு இறக்கிவிட்ட செக்கர். இன்றைக்கும் இங்கே சிலரைத் தவிர யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. டீக்கடைக்காரரிடம், "நாளைலேர்ந்து செக்கிங். எல்லாருக்கும் சொல்லிடு" என்றேன்.
"பெரியவரே, உங்களுக்கு கண்ணா, கேமராவா?"
இதைக் கேட்டு மகளும் சிரித்தாள். கூடப் போகிறவர்களுக்கு அவளும் போன் போட்டாள்.

மார்ச் 12
மூன்று நாளும் டிக்கெட் எடுக்காதவர்கள் எல்லோரும் சரக்கு லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள். ரயிலில் ஏறியது ஏழே பேர். காதறுந்தவர் வெறுங்கையோடு போனார். டீக்கடையில் எனக்கு ராஜமரியாதை.

மார்ச் 24
ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ். மகள் படித்துவிட்டு வந்தாள்.
"அவரு இப்ப செக்கர் இல்லப்பா. எத்தன பேரு ஏறுறாங்கன்னு எண்ண வந்திருக்காரு. நாளுக்கு ஏழு பேருன்னு எழுதிட்டாரு. மே ஒண்ணுலேர்ந்து ரயில் கிடையாது."
பேனா நின்றுவிட்டது. "சொன்னது நீதான்னு எழுதணுமா?"
எழுது என்றேன்.

ஏப்ரல் 8
ரயிலை நிறுத்த வேண்டாமென்று மனு கொண்டுபோனவர்களிடம் ரயில்வே ஆபீஸில் கேட்டார்களாம்: "எண்ண வந்தப்ப எங்க போயிருந்தீங்க?"

ஏப்ரல் 29
முதல் பஸ்ஸே ஒன்பதுக்குத்தான். அவளுக்கு வேலை ஏழரைக்கு. அங்கேயே விடுதியில் இடம் பிடித்துவிட்டாள். வாரம் ஒருநாள் வருவாளாம். மாத்திரை டப்பாவில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

மே 19
இன்று டீக்கடைக்காரர் எழுதுகிறார். நாளைக் காலை கடையைப் பிரிக்கிறாராம். ரயில் வராத ஸ்டேஷனில் டீ குடிக்க யார் இருக்கிறார்கள்? போன ஞாயிறு மகள் வரவில்லை. இந்த ஞாயிறும் இல்லை. அங்கே இரட்டை வேலையாம்.
"வேற என்ன எழுத?" என்கிறார்.
அன்று ஏறிய ஏழு பேரையும் வரிசையாகச் சொன்னேன். தண்டவாளம் பார்க்கிறவர், நர்ஸ் அம்மா, கண் தெரியாத புல்லாங்குழல்காரர், அவர் மனைவி, தபால்காரர், செருப்புக் கடைக்காரர்.
முதலில் ஏறியது என் மகள். மாதம் தவறாமல் பாஸ் எடுத்தவள்.