இன்னிக்காவது காலைக் காட்டிட்டு வாங்க

ஏங்க, டோக்கன் ஜன்னல் திறக்கறதுக்குள்ள வரிசையில நிக்கணும்னு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டு மெதுவா வந்து சேருங்க. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

போன தடவை மாதிரி பண்ணாதீங்க. கீழ கேட்டா மாடிக்குப் போங்கறாங்க, மாடிக்குப் போனா "இங்க யாரு வரச் சொன்னா?"ன்னு எரிஞ்சு விழறாங்க. அது அவங்க லட்சணம். அத்தனையும் தாண்டி டாக்டர் கதவு வரைக்கும் போயிட்டு, "பாவம், கைக்குழந்தைக்காரி", "பாவம், பெரியவர்"னு உங்க முறையை விட்டுக்குடுத்து, கடைசியில டாக்டரே கிளம்பிப் போனப்புறம் அதே புண்ணோட வீட்டுக்கு வந்தீங்களே, அது யாரு லட்சணம்? கேட்டா என் மேலயே பாயறீங்க. சர்க்கரைக்காரர் கால்ல ஆறாத புண்ணுன்னா விளையாட்டா?

கட்டை நீங்களா அவிழ்க்காதீங்க.

எழுத மறந்துட்டேன். டாக்டர் ரூம் வாசல் பெஞ்சுல இன்னிக்கும் யாராவது பாவமா உக்காந்திருப்பாங்க, உங்களுக்கும் மனசு கேக்காது. அதனால என் முதுகுவலிக்குன்னு இன்னொரு டோக்கனும் வாங்கி வைக்கறேன். தானம் பண்ணியே ஆகணும்னா என்னோடதைப் பண்ணுங்க.