பேராயர் தூங்குகிறார்

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
அக்டோபர் 14

கர்த்தருக்குள் அன்பான தங்கை சுகிர்தத்துக்கு, அக்காவின் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். உன் முட்டுவலிக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் அத்தான் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

அத்தான் பேராயரான கதை உனக்குத் தெரியும். திருமண்டலத்தில் இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொண்டு ஓய்ந்தபின், எதிலும் சேராத ஒரே ஆள் என்று செமினரி நூலகத்திலிருந்த எபிரெய வாத்தியாரை இழுத்து வந்தார்கள். ஒன்பது வருஷம் டிரான்ஸ்பர் மனுவும் கோர்ட் நோட்டீசும் வாசித்தார். யோபு புத்தகத்துக்கு எழுதிவந்த விளக்கவுரை மூன்றாம் அதிகாரத்திலேயே நின்றுபோயிற்று. நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வந்ததுதான் மிச்சம்.

ரிட்டயராகி இங்கே வந்தபின், மகள் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் மறுபடி பேனாவைத் திறந்தார். போன மாதம் தமிழ்ச் சபையில் பிரசங்கிக்கக் கூப்பிட்டார்கள். வாடகை ஹால், நாலு மணிக்கு ஸ்பானிஷ் சபைக்காரர்கள் வந்துவிடுவார்கள். மருமகன் ரஞ்சித்குமார் காரிலேயே, "மாமா, ட்வென்ட்டி மினிட்ஸ்ல முடிச்சிடுங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினார். அத்தான் யோபு புத்தகத்திலிருந்து ஒரே ஓர் எபிரெய வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு ஐம்பத்தைந்து நிமிஷம் பேசினார். ஸ்பானிஷ்காரர்கள் கிட்டாரோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, பாஷை புரியாமலே ஆமென் சொன்னார்கள். நம் ஆட்கள் பார்க்கிங்கில் நின்றார்கள்.

பக்கத்து வீட்டு சாரதா கோயிலுக்குப் போகிறவர், அன்று எங்களோடு சும்மா வந்திருந்தார். அவர் மட்டும் அத்தானிடம் வந்து, "அங்கிள், அந்த யோபு அவ்ளோ கேட்டாரே, கடவுள் ஆன்ஸர் பண்ணாரா இல்லையா?" என்று கேட்டார். அத்தான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! ஒன்பது வருஷமும் எல்லாரும் கேட்டது, எந்த ஊருக்கு மாற்றல் என்பதுதானே. இப்போது புதன்தோறும் சாரதா முறுக்கு டப்பாவோடு வருகிறார். அத்தான் எழுதியதை வாசிப்பார். சாரதா புரியவில்லை என்றால், அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். முப்பத்தெட்டாம் அதிகாரம் வந்தாயிற்று. கடவுள் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார்.

அதற்குள் நேற்றுக் காலை பதினொரு மணிக்குத் திருமண்டல ஆபீசிலிருந்து போன். மறுபடி கோஷ்டிச் சண்டையாம், எலெக்‌ஷன் நின்றுவிட்டதாம். பிஷப் ஐயா ஒரே ஒரு வருஷம் வந்து உட்கார்ந்தால் போதுமாம். பேராயர் தூங்குகிறார் என்றேன். கீழே அவர் எபிரெயத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். "ஐயா தூக்கத்துல பேசுவாங்களாம்மா?" என்று கேட்டார் போனில் பேசியவர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் மன்னிப்பாராக.

மேலே வந்த அத்தான் யார் போனில் என்றார். ராங் நம்பர் என்றேன். "ராங் நம்பரோட எட்டு நிமிஷமா பேசுன?" என்றவர், வேறெதுவும் கேட்காமல் அடுப்படிக்குப் போனார். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக எனக்கு ஒரு காபி போட்டுக் கொண்டுவந்தார். பால் காயவே இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

சுகிர்தம், உன் வீட்டுக்காரர் கமிட்டியில் இருக்கிறார். அக்காவைச் சம்மதிக்க வையுங்கள் என்று கட்டாயம் உன்னிடம் வருவார்கள். பிடி கொடுக்காதே. இன்னும் நாலு அதிகாரம் இருக்கிறது. ஊருக்கு வர எனக்கும் ஆசைதான்; உன்னைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. அதையும் அவர்களிடம் சொல்லிவிடாதே.

சமாதானத்தின் தேவன் உன்னோடும், அந்த இரண்டு கோஷ்டியோடும் இருப்பாராக.

உன் அக்கா,
ஹெப்சிபா