மருந்துத் திருவிழாவும் பேச்சாயியின் சாவியும்

மார்ச் 4, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கும் வெயில். என் கடைக்கு ரேஷன் கூப்பன் துணி வரும் என்றார்கள், வரவில்லை. வந்தது பொன்னையா முதலாளி.

எதிரே இரும்புக்கடை, இரண்டு லொறி, நலன்புரிச் சங்கத் தலைவர் பதவி, சட்டைப் பையில் மூன்று பேனா. ஒன்றாலும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. (இனி இங்கே தலைவரை த. என்றே எழுதுவேன். முழுப் பெயருக்கு மை தண்டம்.) என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நின்றுகொண்டிருந்த எனக்குச் சேதி சொன்னார். நம்முடைய ஆதரவு இல்லத்தில் சுகாதார விழா. பெரியாஸ்பத்திரி டொக்டர்மார், பந்தல், படங்கள், முக்கியமாக மைக். பதினேழாந் திகதி ஞாயிறு.

"செய்றது யாரு முதலாளி?"

"நாமதான் நானா."

(நானா என்றால் எங்கள் முஸ்லிம் பேச்சில் அண்ணன்; ஊருக்கே நான் நானா.) இந்த 'நாம'வுக்குள் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. போன வருஷத்திலிருந்து செயலாளர் நான். காரணம் இரண்டு: கடையில் டைப்ரைட்டர் இருக்கிறது; யாராவது புகழ்ந்தால் எனக்குப் புத்தி போய்விடுகிறது.

இல்லம் என்பது பசறை ரோட்டில் ஒரு பழைய கோப்பி ஸ்டோர், கொட்டை மூட்டை அடுக்கிய கிடங்கு. பலகை அடித்து அறை அறையாகப் பிரித்தது. பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட, தனியாக மிஞ்சிய தேயிலைத் தோட்டத்து வயசாளிகள் இருக்கிறார்கள். சங்கம் அரிசியும் ஒரு சமையற்காரியும் தருகிறது. பதிலுக்கு அவர்கள் த.வின் பேச்சைக் கேட்கவேண்டும். விலை அதிகம்தான்.

வீட்டில் சொன்னேன். "ஊரு வேலைக்கெல்லாம் நேரம் ஈக்கு. இங்க கூரை ஒழுகுறதப் பாக்கத்தான் இல்ல" என்றாள் மனைவி. நான் தூங்கிவிட்டதாகப் பாவனை.

மார்ச் 7, வியாழன்

படக்கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தவை:

ஆப்பிள், திராட்சை, கன்னம் உப்பிய ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. ஆப்பிளைக் கடைசியாக எப்போது கண்டேன்? ஞாபகமில்லை.

தினமும் முட்டை, பால். (இங்கே பாண் ரொட்டிக்கே விடியுமுன் கியூ.)

சிறுநீரில் சீனி பார்க்கும் சாமான். பசாரில் சீனி இல்லாமல் ஜனங்கள் கருப்பட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கிறார்கள். த. அதைக் கிழவர்களின் மூத்திரத்தில் தேடப் போகிறார்.

கண் பார்க்கும் அட்டை. எழுத்துத் தெரியாதவர்களுக்கானது. மூன்று பல் சீப்புப் போல ஒரு குறி. மேல், கீழ், இடம், வலம் என்று திரும்பித் திரும்பி வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. பல் எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டும்.

எல்லாவற்றையும் இப்போதே மாட்டச் சொல்லி த. உத்தரவு. "பார்வையா இருக்கும்." மாட்டினேன். கண் அட்டையையும். வராந்தாவில், நல்ல வெளிச்சமான இடத்தில். ஆணி அடித்ததில் கட்டைவிரல் நசுங்கியது.

இல்லத்தில் இதற்கு 'மருந்துத் திருவிழா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

பின்னேரம் பந்தலுக்கு அளவெடுக்கப் போனால், வராந்தாவில் பெரட்டு! தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. நடத்தியவர் மாரிமுத்துக் கங்காணி. தோட்டத்தில் ஆள் மேய்த்த வேலை போய் எத்தனையோ வருஷம். கோட்டு மட்டும் போகவில்லை. எதிரே கண் அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எட்டுப் பேர்.

"மொத வரி!"

"மலைப்பக்கம்!"

"ரெண்டாவது?"

"ரோட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம்!"

"பேச்சாயி, மூணாவது நீ சொல்லு."

"ரோட்டுப்பக்கம், கோயில்பக்கம், மலைப்பக்கம்."

"அப்பிடி! டேய் கருப்பையா, வாயில என்ன கொழுக்கட்டையா? இன்னிக்கு ஒனக்கு அரைப் பேரு, அரைச் சம்பளந்தான்."

இல்லத்துக்கு மேலே மலை, கீழே பள்ளம், இடப்பக்கம் கோயில், வலப்பக்கம் ரோடு. அட்டையை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்! பரீட்சைத் தாளை முன்கூட்டியே சுவரில் மாட்டிய மேதை யார் என்று அப்போதுதான் உறைத்தது. சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பேச்சாயியைத் தனியே கூப்பிட்டேன். சின்ன உருவம், நாக்கு மட்டும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. முகத்துக்கு நேரே கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டேன்.

"எத்தினி விரலா இருந்தா என்ன? அதுல ஒண்ணும் குடுக்கப் போறதில்லையே."

தெரியவில்லை. இரண்டு வருஷமாக எல்லாம் பனிமூட்டமாம். சுவரைத் தடவித் தடவியே நடமாடியிருக்கிறாள். செயலாளர் கவனித்தாரா? செயலாளர் பந்தலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர்கிட்டக் காட்டினா என்ன?"

"காட்டினா ஆஸ்பத்திரில படுன்னுவாரு. படுத்தா அறை போயிரும். அந்தோணி கத தெரியாதாக்கும் நானாவுக்கு?"

தெரியும். இந்த ஊரில் எனக்குத் தெரியாத கதை உண்டா? த. போட்ட சட்டம்: மூன்று இரவுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் அறை அடுத்த ஆளுக்கு. அந்தோணி ஓதத்துக்கு, அதாவது குடலிறக்கத்துக்கு, ஆஸ்பத்திரியில் அறுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி திரும்பி வந்தபோது, அவன் அறையில் த.வின் லொறி டிரைவருடைய மாமியார் காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தோணிக்கு இப்போது பஸ் ஸ்டாண்டில் படுக்கை.

"எனக்கு இந்த அறைய விட்டா வேற போக்கில்ல. அதனால இங்க யாருக்கும் ஒரு நோயும் இல்ல. அப்பிடியே எழுதிக்கங்க."

மார்ச் 15, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தால் மறுபடி என் நாற்காலியில் த. அறைச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"சட்டம்னா சட்டம் நானா. இன்னிக்கு அறையப் பூட்டி வைன்னுவாங்க, நாளைக்கு மெத்த கேப்பாங்க. அத விடுங்க. என் பேச்சு எழுதியாச்சா? நாலு எடத்துல கை தட்டணும்."

"தாறேன், ஒருதரம் படிச்சுப் பாருங்க."

"சேச்சே. முன்னாடியே படிச்சா உணர்ச்சி செத்துப் போயிரும்."

உணர்ச்சி! போன வருஷம் நான் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த 'இங்கே கைதட்டலுக்காக நிறுத்தவும்' என்பதையும் சேர்த்து வாசித்த மனிதர். அதற்கும் கைதட்டினார்கள். யாரைச் சொல்லி யாரை நோக.

மார்ச் 17, ஞாயிறு

விழா. நல்ல வெயில். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அளந்த பக்கம்.

பல் பார்க்கும் மேசையில் பாதிப் பேருக்குப் பார்க்கப் பல் இல்லை. ரத்த அழுத்த மேசையில் எல்லாரும் "ஒண்ணும் இல்லீங்க, நல்லாருக்கேன்" என்றார்கள், கேட்பதற்கு முன்பே. த. பூரித்துப்போய், "பாத்தீங்களா, நம்ம நிர்வாகம்!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேடிக்கைக்கு நானும் கையை நீட்டினேன். நர்ஸம்மா இரண்டுதரம் அளந்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அங்கே அகப்பட்ட ஒரே நோயாளி செயலாளர்தான்.

கண் டொக்டர் இளவயது யாழ்ப்பாணத்துக்காரர். வந்ததும் நம் அட்டையைக் கழற்றி, "இது மங்கிப் போச்சுது" என்று பையிலிருந்து தன்னுடையதை எடுத்து மாட்டினார். வேறு வரிசை! கங்காணியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பேச்சாயிக்குச் சொல்ல நேரமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். டொக்டர் அட்டையில் காட்டும் குச்சியைக்கூட எடுக்கவில்லை.

"மலைப்பக்கம். ரோட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம். ரோட்டுப்பக்கம், கோயில்பக்கம், மலைப்பக்கம்…"

முழு அட்டையும். மூச்சு விடாமல்.

"அம்மா, நான் இன்னும் ஒண்டும் காட்டேல்லையே."

"நீங்க மெதுவா காட்டுங்க. எனக்கு வேல கெடக்கு."

"நல்ல பார்வைங்க ஐயா," என்றார் கங்காணி பின்னாலிருந்து. "ஊசியில நூலே கோப்பா."

டொக்டர் சிரித்துக்கொண்டே டோர்ச் அடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இரண்டு கண்ணிலும் வெண்புரை, நன்றாக முற்றியது. "ஒரு கண்ணை வெட்டினாலே வடிவாத் தெரியும். இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு வாங்கோ. இன்னும் விட்டா என்னாலயும் ஒண்டும் ஏலாது."

"வேணாங்க. நான் வரல."

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "மெய்யாவே தெரியுமா ஐயா?" என்றாள்.

"ஓம், தெரியும்."

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. பேச்சாயி வாயை மூடியிருந்து நான் கண்டதே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் போனேன். த.வின் பேச்சுத் தாளை எடுத்தேன். பென்சிலால் மூன்று வரி சேர்த்தேன்.

நாலு மணிக்கு மைக். த. வாசித்தார்:

"சிகிச்சைக்குப் போகும் எவருடைய அறையும் அவர் திரும்பி வரும்வரை பூட்டியே இருக்கும். சாவி அவர் கையிலேயே இருக்கும். இது என் தாய் மேல் ஆணை."

தாய் என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. உணர்ச்சி சாகவில்லை. பந்தலே அதிரக் கைதட்டல். டொக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு த. என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனார். "நானா, அந்த அறை விஷயம்… அது நான் சொன்னதா?"

"நீங்கதான் முதலாளி. கண்ணு கூடக் கலங்கிச்சே."

"கலங்கிச்சா?"

"ரெண்டும்."

திருப்தியாகப் போனார்.

மார்ச் 18, திங்கள்

வீரன் மாதிரிப் போய்ப் பேச்சாயியிடம் சொன்னேன், இனிப் பயமில்லை என்று.

"மைக்குல சொன்னதா? எலெக்சனுக்கு எலெக்சன் மைக்குலதான் எங்களுக்கு வீடு கட்டிக் குடுக்குறாங்க. பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சாவி என் இடுப்புல இருந்தா வாறேன்."

பூட்டு வாங்க த. கடைக்கே போனேன். "யாருக்கு நானா?" "ஒருத்தரையும் நம்பாத ஒரு பொம்பளைக்கு." "அப்ப கனமானதா எடுங்க" என்று அவரே தேடி எடுத்துத் தந்தார்.

மார்ச் 21, வியாழன்

பேச்சாயியை ஆஸ்பத்திரியில் விட்டேன். உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னாராம் நர்ஸ். "அறுக்கிறது கண்ணத்தானே, இடுப்ப இல்லையே?" சாவி அங்கேயே இருக்கிறது.

எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். வீட்டுச் சாப்பாட்டில் உப்பு எப்போது சரியாக இருந்தது, குறைக்க?

மார்ச் 27, புதன்

இன்று கேள்விப்பட்டது, பிறகு நேரில் போய் உறுதி செய்தது.

த.வின் டிரைவர் ஒரு லொறி சீமெந்து மூட்டையோடு இல்லத்துக்குப் போயிருக்கிறான். "வெறும் அறை" ஒன்றில் அடுக்க உத்தரவாம். பூட்டை உடைக்கக் கம்பியும் கையோடு. வாசற்படியில் கங்காணி, கோட்டுப் போட்டு.

"வெறும் அறை இல்லடா. ஆளு இருக்கு, பேரும் போட்டாச்சு."

"முதலாளி சொன்னாரு பெரியவரே."

"ஒங்க முதலாளி சொன்னத நாங்களும் கேட்டோம். பெரட்டு!"

எட்டுப் பேரில் மிச்சமிருந்த ஏழு பேரும் வரிசையாக வந்து நின்று, என் மூன்று வரியையும் பிசகாமல் ஒப்பித்தார்களாம். தாய் என்ற இடத்தில் தழுதழுப்போடு. ரோட்டில் போன ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்க, பசறை பஸ்ஸும் நின்றுவிட்டது. டிரைவர் லொறியைத் திருப்பிக்கொண்டு போனான்.

த. இன்று முழுக்க என் கடைப் பக்கம் வரவில்லை. நாற்காலி எனக்கே கிடைத்தது. உட்கார்ந்து பார்த்தேன். அப்படியொன்றும் சுகமில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. பின்னேரம் இடியும் மழையும். மனைவி கிண்டிய தேங்காய்ப்பால் தொதலோடு ஆஸ்பத்திரிக்கு. பேச்சாயி கட்டுப்போட்ட கண்ணோடு. கட்டு அவிழ்த்து, கண்ணாடி கொடுத்த பிறகுதான் விடுவார்களாம்; புகையிலும் புழுதியிலும் இப்போது போகக்கூடாதாம். சுகமா என்று நான் கேட்கு முன்பே, "அறை இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். தொதல் வாயில் ஒட்டுகிறது என்று திட்டிக்கொண்டே இரண்டு துண்டு தின்றாள்.

ஏப்ரல் 20, சனி

கூட்டி வந்தேன். சோடாப் போத்தல் அடி மாதிரிக் கண்ணாடி. வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நானாவா? கொரலக் கேட்டு நல்ல ஒசரமான ஆளுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். தேயிலை, ஆடு, சுவரொட்டி, கயிற்றில் காயும் துணி.

பூட்டை அவளே திறந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். படியிலேயே நின்றுவிட்டாள். புகை பிடித்துக் கரியாகிப் போன சுவர். ஒட்டடை. மூலையில் எலி தோண்டிய மண். கூரை ஓட்டையில் ஒரு துண்டு வானம்.

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா கண்ணே வேணாம்னேன்?"

அவள் உள்ளே போய், விளக்கு மாடத்துக்கு மேலே மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"இது யாரு?"

பொன்னையா முதலாளி இரும்புக்கடைக் கலண்டர். நடுவில், மாலையும் தலைப்பாகையுமாக, த. பழைய முருகன் படம் பூசணம் பிடித்து விழுந்துவிட, இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு வந்த இதைச் சமையற்காரி அதே ஆணியில் மாட்டிவிட்டாளாம்.

"அப்ப தையிலருந்து நான் வெளக்குக் காட்டினது?"

கங்காணி இருமினார். "கும்புடுறது ஒரு நல்ல பழக்கந்தானேன்னு நான் ஒண்ணும் சொல்லாம விட்டேன்."

பேச்சாயி கலண்டரைக் கழற்றினாள். எறியப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி, அதே ஆணியில் மாட்டினாள்.

"செவரு எப்பிடிக் கெடக்குன்னு இவரே கிட்ட இருந்து பாக்கட்டும். சுண்ணாம்பு வந்தா திருப்பி விடுறேன். போய்ச் சொல்லுங்க நானா."

"நாளைக்குச் சொல்றேனே."

"இப்ப."

கடைக்குத் திரும்பி இதை எழுதுகிறேன்; த. எதிரே தன் இரும்புக்கடையில்தான் இருக்கிறார். இங்கிருந்தே தெரிகிறது. செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.