பின்சுவரில் ஒரு ஜன்னல்

நீடாமங்கலம்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு அம்சத்துக்கு,

தங்கையன் எழுதுவது. நானும் பிள்ளை வானதியும் ஏதோ இருக்கிறோம். நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். கடைத்தெரு இப்ராஹிம் பாய் இந்த வாரம் குவைத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், அதற்குள் உங்கள் மேடம் கூப்பிடுவார்கள், பேச்சு பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சம்பா பால் பிடித்துவிட்டது. இந்த மழைக்குத் தப்பியதே பெரிது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயலெல்லாம் தண்ணீரில் கிடந்து அழுகிவிட்டது. வடிகால் வெட்டி வெட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அது கிடக்கட்டும்.

நம் வீட்டு ஹாலின் பின்சுவரை இடித்து ஜன்னல் வைத்துவிட்டேன். அடுத்த முறை போனில் பார்த்து நீ திடுக்கிடக் கூடாது. நீ படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த பூப்போட்ட டைல்ஸ் அந்தச் சுவரில்தான் இருந்தது. பஞ்சநதம் கொத்தனார் பக்குவமாகத்தான் பெயர்த்தார். ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்தே வானதிக்கு மூச்சு இழுப்பு. சளி என்றுதான் நினைத்தேன். சாரலுக்குப் பயந்து கதவெல்லாம் சாத்தியே கிடந்தது. ஈரத் துணியை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். கொசுவத்திச் சுருள் கொளுத்தி வைத்தேன். ஒருநாள் சாயங்காலம் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தபோது, ஹாலில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து வந்து என் வேட்டியைப் பிடித்தாள். "அப்பா, மூச்சு வரல" என்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டோவில் மன்னார்குடி போய்ச் சேரும்வரை அவள் விலாவெலும்பு உள்ளே இழுத்து இழுத்து வாங்கியதைப் பார்த்துக்கொண்டே போனேன். அதை உனக்கு எப்படி எழுதுவேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். பிறகு ஒரத்தநாட்டில் என் தங்கை ஈஸ்வரி வீட்டில் கொஞ்ச நாள் விட்டேன். பழைய ஓட்டு வீடு. அங்கே ஒரு தும்மல்கூட இல்லை. நம் வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாளே மறுபடி இழுப்பு. மன்னார்குடி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சொன்னேன். "மருந்து நான் தர்றேன். ஆனா வீட்டுக்குள்ள காத்து வந்து போக வழியிருக்கா, அதப் போயிப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். முன்பக்கம் திறக்க முடியாத கண்ணாடி. அடுப்படிப் புகை வெளியே போக ஒரு ஓட்டை கிடையாது. ஹாலில் அழகுக்குப் போட்ட சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றினேன். அதன் மேல்புறம் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சணம். அதற்கு நேர் கீழேதான் பிள்ளை படுத்துக்கொண்டிருந்தாள்.

இடிக்க ஆரம்பித்ததும் உன் தம்பி ராஜராஜன் ஓடிவந்தான். "மச்சான், அக்கா ஊரான் வீட்டுப் பாத்திரம் தேய்ச்சுக் கட்டுன வீடு. அது மேல கடப்பாரைய வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று வாசலில் நின்று கத்தினான். அந்தப் பலகையைத் தூக்கிவந்து அவன் முன்னால் போட்டேன். குனிந்து அந்தப் பூஞ்சணத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு அவனும் செங்கல் அள்ள வந்துவிட்டான்.

நீ அங்கே வேலை செய்கிற வீட்டைப் பார்த்து அதே மாதிரி கட்ட ஆசைப்பட்டாய். தூசி வராது, பல்லி வராது என்றாய். அதில் தப்பு என்ன இருக்கிறது? அது மணல் காற்று அடிக்கிற ஊர், மூடி வைக்கிறார்கள். இது தண்ணீருக்கு நடுவில் கிடக்கிற ஊர். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, பிளான் போட்ட இன்ஜினியருக்கும் தோன்றவில்லை.

இப்போது சீலிங்கை முழுக்கக் கழற்றிவிட்டேன். அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. புது ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறது. வீடு அழகாக இல்லை. பூச்சு வேலை அப்படியே நிற்கிறது, அறுப்பு முடிந்துதான் கைவைக்க வேண்டும். இழுப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் வானதி ராத்திரி தூங்குகிறாள். அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் நானும் தூங்குகிறேன்.

இன்னொன்று. போன வாரம் பேசும்போது நீ இருமிக்கொண்டே இருந்தாய். ஏசி குளிர் என்றாய். போனை வைத்ததும் வானதி, "அம்மா படுக்குற ரூம்ல ஜன்னல் இருக்காப்பா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு ஹாலைக் காட்டியிருக்கிறாய், அடுப்படியைக் காட்டியிருக்கிறாய். நீ படுக்கிற இடத்தை மட்டும் காட்டியதே இல்லை.

ஜன்னல் இருந்தால் கொஞ்ச நேரமாவது திறந்து வை. இல்லையென்றால் அதை எங்களுக்கு எழுத வேண்டாம். கிளம்பி வந்துவிடு அம்சம். சுவரை இடித்ததற்கு என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு.

உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கையன்